யூனுஸ் ஏறிய கப்பல்

என் மகனுக்குப் பெயர் வைத்தது நான்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் வாப்பாமாரின் வேலை. இல்லாவிட்டால் பள்ளி மௌலவி நாலு பெயர் எழுதிக் கொடுப்பார், அதில் ஒன்றை எடுப்பார்கள். நான் யாருக்கும் இடம் வைக்கவில்லை. ஏழாம் நாள் தலைமுடி இறக்க எல்லோரும் கூடியிருந்தபோது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யூனுஸ் என்று சொன்னேன். அது ஒரு நபியின் பெயர். நபியின் பெயர் வேண்டாம் என்று ஒரு முஸ்லிம் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்ல ஏலாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

அந்தப் பெயருக்குள் என் கள்ளத்தனம் ஒன்று இருந்தது. அதை இருபது வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை, பிள்ளையின் வாப்பாவுக்குக்கூட. இப்போது கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி எழுதினால் என்ன?

முதலில் என் நாநாவைப் பற்றி, என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. ஒரு உடுப்புப் பையோடு புத்தளம் கரையில் வந்து இறங்கினோம். வந்த சில மாதத்திலேயே வாப்பா நோயில் படுத்துவிட்டார். நாநாதான் தொழிலுக்குப் போனார். மன்னார்க் கடல் அவருக்கு உள்ளங்கை மாதிரி. இந்தக் கடல் புதிது. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, யாரோ ஒருவருடைய படகில் நாலு பேராகப் போனார்கள். நாலு பேரும் திரும்பவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. மையித்து இல்லாமலே பள்ளியில் ஜனாஸாத் தொழுகை வைத்தார்கள். என் உம்மா அதை ஒத்துக்கொள்ளவேயில்லை. கடைசிவரை நாநாவின் சாரன் ஒன்றை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

நாநாவின் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் பொருளை மட்டும் சொல்கிறேன். சேதமில்லாமல் இருப்பவன், பத்திரமாக இருப்பவன் என்று அதற்கு அர்த்தம். அவர் போன பிறகு ஒரு நாள் ஓதல் பள்ளியில் அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர்களின் பொருளை நோண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. இன்றுவரை யாராவது புதிதாக ஒரு பெயர் சொன்னால், ஆள் யார் என்று கேட்பதற்கு முன்னால் அர்த்தம் என்ன என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்குத் தங்கள் பெயரின் அர்த்தமே தெரியாது. அது எனக்கு எப்போதும் ஆச்சரியம். கடையில் வாங்கும் மிளகாய்த்தூளுக்கு என்ன கலந்திருக்கிறது என்று மணந்து பார்க்கிற ஆட்கள், வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற பெயரைத் திருப்பியும் பார்ப்பதில்லை.

எனக்குக் கலியாணம் பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: கடல்காரன் வேண்டாம். மாப்பிள்ளை ஐஸ் வியாபாரம் செய்கிறார் என்றார்கள். சரி என்றேன். அந்த ஐஸ் முழுக்கப் படகுகளுக்குத்தான் போகிறது, மாப்பிள்ளையைத் தவிர அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கடல்காரர் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய மூத்த நாநாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, மூன்று படகு. கற்பிட்டியிலிருந்து பள்ளிவாசல்துறைப் பக்கம் போகும் வழியில் வீடு. கதவைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். ஆனால் என் மாப்பிள்ளை நல்ல மனுசர். எதற்கும் ஓம், சரி என்பார். சண்டை பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டுமே, அதற்குக்கூட இவர் உதவ மாட்டார்.

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஒரு பின்னேரம் என் மாமி, இவருடைய உம்மா, கருவாடு புரட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார். இந்தக் கரையில் யூனுஸ் என்ற பெயருள்ள ஒருவரையும் படகில் ஏற்ற மாட்டார்களாம். யூனுஸ் நபி ஒரு கப்பலில் ஏறினார், கடல் கொந்தளித்தது, யாரையாவது கடலில் போட்டால்தான் மற்றவர் பிழைக்கலாம் என்று சீட்டுக் குலுக்கினார்கள், திரும்பத் திரும்ப அவருடைய பெயரே வந்தது, கடலில் போட்டார்கள், மீன் விழுங்கியது. அதனால் அந்தப் பெயரோடு ஒருவன் ஏறினால் கடல் அடையாளம் கண்டு அவனைக் கேட்கும் என்பது இவர்களுடைய எண்ணம். யாரும் இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டார்கள். மௌலவியின் காதில் விழுந்தால் ஏச்சு விழும். ஆனால் அந்தப் பெயர்காரனுக்கு மட்டும் படகில் இடம் கிடைக்காது. மாமியின் சிறுவயதில் யூனுஸ் என்று ஒருவர் இருந்தாராம். பாவம், சாகும்வரை கருவாடு காய வைக்கும் வாடிக்குக் காவல்தான். தொண்ணூறு வயதில் தன் கட்டிலில், மக்கள் சுற்றி நிற்க, மவுத்தானாராம்.

மாமி சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறு வயது, தன் கட்டில், சுற்றி மக்கள். அந்த மூன்றையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளை பிறந்தால் என்ன பெயர் என்பது அந்தப் பின்னேரமே முடிவாகிவிட்டது.

ஏழாம் நாள் நான் பெயரைச் சொன்னவுடன் மாமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தான் சொன்ன கதைதான் இங்கே வந்து நிற்கிறது என்று அவருக்கு விளங்கியதோ தெரியாது. மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, நல்ல பேர் என்றார். என் மனுசன் மட்டும் வாயெல்லாம் பல்லாக, நபியுடைய பேர், பரக்கத்தானது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. தம்பி என்றார்கள், சின்னவன் என்றார்கள். பள்ளிக்கூட இடாப்பிலும் பிறகு அடையாள அட்டையிலும்தான் யூனுஸ் இருந்தான். நானும் சொன்னதில்லை. மகன் என்பேன், கோபம் வந்தால் வேறு என்னென்னவோ சொல்வேன், யூனுஸ் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வேலியில் வைத்த முள்ளை யாராவது கையில் எடுத்துக் கொஞ்சுவார்களா?

வேலி போட்டேன், ஆனால் ஆடு எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசிக்கவில்லை. அவனுக்குக் கடல் என்றால் பைத்தியம். வாப்பாவோடு ஐஸ் இறக்கப் போகிறேன் என்று போய், படகு கண்ணுக்கு மறையும்வரை கரையில் நிற்பான். சோறு ஆறிப்போகும். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் என்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். அதில் அவன் கெட்டிக்காரன், என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்வான். கரையில் இருக்கும் படகுகளில் முக்கால்வாசி என்ஜின் அவன் கைபட்டதுதான். திருத்திப் பூட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று ஓடவிட்டுப் பார்ப்பான். சரி என்று தலையாட்டுவான். படகு போகும். அவன் கரைக்கு ஏறி வருவான்.

ஏற்றச் சொல்லிக் கேட்காமல் இல்லை. ஒரு படகில் ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். இன்னொன்றில் அடுத்த மாதம் என்றார்கள். கடைசியில் தன் பெரியவாப்பாவிடமே கேட்டான். என் மச்சான், பார்ப்பம் மகன் என்றார். பார்ப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் இல்லை என்று பொருள். கார்த்திகை, மார்கழி பிறந்தால் கொழும்பு ஆட்களும் வெள்ளைக்காரரும் டொல்பினும் திமிங்கிலமும் பார்க்க வருவார்கள். மச்சான் தன் ஒரு படகை அதற்கு விடுவார். ஊர் பெயர் தெரியாத ஆட்கள் எல்லாம் அவ்வளவு பெரிய மீனைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் படகின் என்ஜினைத் திருத்திய யூனுஸ் கரையில் நிற்பான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் அவனுடைய முகத்தைப் பார்க்க ஏலாது.

போன வருடம் ஒரு நாள் பகல் சாப்பாட்டில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

"எனக்கு விளங்கிட்டு உம்மா. உங்கட ஊரால தான் என்ன ஏத்துறாங்க இல்ல. அகதிட மகன் எண்டு."

 வந்த புதிதில் அந்தச் சொல்லை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், தண்ணீர்க் குழாயடியில், வகுப்பில். ஆனால் இந்த விசயத்தில் இந்தக் கரை ஆட்கள் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. அந்த இடத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீன் ஆறுது, சாப்பிடு என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

அடுத்த மாதம் அவன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு வந்தான். கத்தாரில் யாரோ கூட்டாளி இருக்கிறானாம், கராஜ் வேலையாம். பாஸ்போர்ட்டை அலுமாரியில் என் சாரிகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனான். கடலுக்குக் கொடுக்கக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த பிள்ளை இப்போது கடல் தாண்டிப் போகப் போகிறது. நான் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் புத்தகம் என்னைப் பார்த்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சின்னப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கத்துச் சிறுமிகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நான் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன், அவர்களுக்கு நான் மாமி. கிழமையில் ஒரு நாள் நபிமார் கதை. அதில் ஒருத்தி, ஏழு வயது, எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறவள். தொழப் போகும்போது செருப்பை ஏன் கழற்ற வேண்டும் என்பதில் தொடங்கி, வானத்து மலக்குமார் தூங்குவார்களா என்பதுவரை கேட்டுவிடுவாள். அன்றைக்கு யூனுஸ் நபி கதை. கடலில் போட்டார்கள், மீன் விழுங்கியது, மீனின் வயிற்றுக்குள்ளிருந்து துஆ கேட்டார், அல்லாஹ் அவரைக் கரை சேர்த்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"மாமி, அந்தக் கப்பலுக்கு என்ன நடந்த?"

எந்தக் கப்பல் என்று கேட்டேன், நேரம் கடத்த. அவரைத் தூக்கிப்போட்ட கப்பல் என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒவ்வொரு தரமும் கப்பலிலிருந்து அவசர அவசரமாக மீனுக்குத் தாவிவிடுவேன். கடலில் போட்ட இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும், நாநா வந்துவிடுவார். கப்பலைத் திரும்பிப் பார்த்ததேயில்லை. நாளைக்குச் சொல்கிறேன் மகள் என்று அவளை அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. உலையில் அரிசி போடும்போது, உடுப்புத் துவைக்கும்போது, கப்பலுக்கு என்ன நடந்தது என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மௌலவி வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சின்ன வயது ஆள், ஆனால் பொறுமையாகப் பதில் சொல்வார். கப்பலைப் பற்றி மறையில் அதற்குமேல் இல்லை என்றார். நிறைந்த கப்பல் என்று மட்டும் இருக்கிறது. மீன் அவரைக் கொண்டுவந்து வெறும் மணலில் போட்டது, நோயாளியாகக் கிடந்தார், அவர்மேல் சுரைக்கொடி ஒன்று முளைத்து நிழல் கொடுத்தது, பிறகு ஒரு இலட்சம் பேருக்கும் மேலான மக்களிடம் போய்ச் சேர்ந்தார் என்றார். அந்த மக்கள் எல்லோரும் ஈமான் கொண்டார்களாம். சுரைக்கொடி எனக்குத் தெரியும். சுரைக்காய் ஆக்கும்போது என் உம்மா அதைச் சொல்வார். இலட்சம் பேர் எனக்குப் புதிது. அப்படியே பெயரின் அர்த்தத்தையும் கேட்டேன். அதைப் பிள்ளைக்கு வைக்கும்போது நான் கேட்கவேயில்லை, பாருங்கள். ஊரார் பெயருக்கெல்லாம் அர்த்தம் நோண்டுகிறவள்! அது அரபிக்கு முந்தியே இருந்த பெயர், வேறு பாசையிலிருந்து வந்தது, பல நபிமாரின் பெயர் அப்படித்தான் என்றார். அர்த்தம் உறுதியாகத் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

நான் எழும்பும்போது, கரையில் சிலர் இந்தப் பெயரைச் சகுனம் பார்க்கிறார்களாமே என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். அவருடைய முகம் மாறியது. அப்படி நினைப்பதே பிழை, ஒரு பெயர் யாரையும் கடலில் முக்காது, காப்பாற்றவும் செய்யாது என்றார். காப்பாற்றவும் செய்யாது என்ற சொல் எனக்குத்தான் பட்டது.

எங்கள் அடுத்த வீட்டு அக்கா யாழ்ப்பாணத்து வேதக்காரி, கிறிஸ்தவர். சண்டைக்காலத்தில் இங்கே வந்து தங்கியவர். அவரும் நானும் கருவாட்டுத் தட்டுகளை ஒரே வெயிலில் காய வைப்போம், காகத்தை முறை வைத்து விரட்டுவோம். அவர்களுடைய வேதத்திலும் இந்தக் கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டேன். அவருக்குச் சின்ன வயதில் பாதர் சொன்னது அப்படியே நினைவிருந்தது. யோனா என்பதுதான் பெயராம், புறா என்று அர்த்தமாம். அந்தக் கப்பல்காரர் நல்ல மனுசராம். அவரைக் கடலில் போட அவர்களுக்கு மனமே வரவில்லையாம். கரைக்குப் போய்விடலாம் என்று கை ஓயத் துடுப்பு வலித்துப் பார்த்தார்களாம். ஏலாமல்தான் போட்டார்களாம். போட்ட உடனே கடல் அடங்கிவிட்டதாம்.

"அப்ப கப்பல் தாழயில்லையோ அக்கா?"

"ஏன் தாழப்போகுது? கடல் அடங்கினாப் பிறகு அது போய்ச் சேர்ந்திருக்கும்தானே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் கையில் பிடித்திருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தேன். கப்பல் தாழவில்லை. அதில் இருந்த ஒருவரும் சாகவில்லை. கடலில் விழுந்த யூனுஸும் சாகவில்லை, கரைக்கு வந்தார், கொடி நிழலில் படுத்தார், பிறகு எழும்பித் தன் வேலைக்குப் போனார். அப்படியென்றால் இந்தக் கதையில் கடல் கொண்டுபோனது யாரை? ஒருவரையும் இல்லை. இந்தக் கரை ஆட்களும் சரி, நானும் சரி, கதையைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு பக்கம் பயந்தார்கள், நான் ஒரு பக்கம் அந்தப் பயத்தை வைத்து வேலி கட்டினேன்.

இரண்டு நாள் என்னோடு நானே சண்டை பிடித்தேன். சும்மா இருந்தால் அவன் கத்தாருக்குப் போவான், போனாலும் உயிரோடு இருப்பான். வாயைத் திறந்தால் கடலுக்குப் போவான். ஆனால் அகதியின் மகன் என்பதால் தன்னை ஒதுக்கினார்கள் என்ற எண்ணத்தோடு அவன் விமானம் ஏறுவதை என்னால் தாங்க ஏலாது. அது பொய். அந்தப் பொய்யை நான் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் பகல் ழுஹர் தொழுகைக்கு முன்னால் அபாயாவைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தேன்.

மச்சான் படகுக் கொட்டிலின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என் மகனும் அங்கே இருந்தான், என்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு. அவன் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. பிறகு, இருக்கட்டும், கேட்கவேண்டியவன் அவன்தானே என்று நேரே போய் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் முகவுரை வராது.

"மச்சான், யூனுஸ் நபி ஏறின கப்பல்ல எத்தின பேர் மவுத்தானாங்க?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுத்தார். இந்தக் கரையில் அந்தப் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார்.  நானே சொன்னேன்.

"ஒருத்தரும் இல்ல. கப்பல் போய்ச் சேர்ந்த. கடல்ல விழுந்தவரும் கரைக்கு வந்தார். என்ட நாநாட பேருக்குப் பத்திரமா இருக்கிறவன் எண்டு அர்த்தம். அவர் வரல்ல. இப்ப சொல்லுங்க மச்சான், எந்தப் பேருக்கு நீங்க பயப்படோணும்?"

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார்.  அவர் முட்டாள் இல்லை. ஒரு கேள்வியை இருபது வருடமாக வைத்திருந்திருக்கிறார்.

"அது சரி தங்கச்சி. எங்கட கரையில இந்தப் பேர ஏத்துறல்ல எண்டு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னத்துக்கு வெச்ச?"

மகனுடைய கை என்ஜினில் நின்றுவிட்டது. நான் அவனைப் பார்க்காமல், மச்சானையும் பார்க்காமல், மணலைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க இவன ஏத்தக்கூடாதெண்டு தான்."

 மகன் பிரித்த என்ஜினை ஒவ்வொரு சுரையாணியாகப் பூட்டினான். அவசரப்படவில்லை, ஒன்றையும் தளர விடவில்லை. பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனான். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மூன்று நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. சாப்பிட்டான், கோப்பையைக் கழுவி வைத்தான், ஸலாம் சொன்னான், அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மனுசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தியா என்று கேட்டார். ஓம் என்றேன். சரி என்றார். அவர் அப்படித்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் மச்சான் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தார். போகும்போது என் மனுசனைப் பார்த்து, சனிக்கிழமை விடிய சுபஹுக்குப் பிறகு மகனை வரச் சொல்லு, ஒரு ஆள் குறைவு என்றார். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை.  நானே போய், நானே வாதாடி, நானே வாங்கிக்கொண்டு வந்தது. இப்போது யாரைக் குறை சொல்வது?

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவன் கையால் நிறுத்தினான்.

"நாளைக்கு நீங்க கரைக்கு வரோணும் உம்மா. நான் ஏறினாப் பிறகு என்ட பேரச் சொல்லிக் கூப்பிடோணும். நீங்க ஒரு நாளும் கூப்பிட்டதில்ல."

படகு இறக்கும் நேரம் எங்கள் பெண்கள் கரைக்குப் போவதில்லை. புறப்பட்டவனைப் பின்னால் நின்று கூப்பிடுவதும் இல்லை. இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். என் பிள்ளைதானே.

சுபஹ் தொழுதுவிட்டுப் போனேன். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆட்கள் என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார்கள். படகைத் தள்ளினார்கள். அவன் கடைசியாக ஏறி என்ஜின் பக்கத்தில் நின்றான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நாநாவும் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு போனார், அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.  இன்னும் கொஞ்சம் போனால் கேட்காது.

யூனுஸ் என்று கூப்பிட்டேன்.

சத்தம் கூடித்தான் போய்விட்டது. படகிலிருந்த மற்ற இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவன் மெதுவாகத் திரும்பினான். முகம் நன்றாகத் தெரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு என்ஜினை இழுத்தான், ஒரே இழுவையில் பிடித்தது.

அன்றைக்குப் பகலை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய படகு ஒரு மணிக்கும் வரவில்லை. சுரைக்காய் ஆக்கினேன், உப்புப் போட்டேனா என்று நினைவில்லை, இரண்டாம் தரமும் போட்டேன். மூன்று மணிக்கு என் மனுசன் கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். வேறு இரண்டு படகும் இன்னும் வரவில்லை, மீன் பட்டிருக்கும் என்றார். அஸருக்குப் பாங்கு சொன்னது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்றைக்கு ஓதல் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் ஏன் என்று ஒருத்தி கேட்பாள். உட்காரவைத்து, மீனின் வயிற்றிலிருந்து யூனுஸ் நபி கேட்ட துஆவை ஓதச் சொன்னேன். கஷ்டம் வந்தால் எங்கள் வீடுகளில் எல்லோரும் ஓதுவது அதைத்தான். முடிந்ததும் இன்னொரு தரம் என்றேன். பிறகு இன்னொரு தரம். என் காது வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் இருந்தது.

"மாமி, இத பன்னெண்டு தரம் ஓதிட்டம்" என்றாள் அந்தக் கேள்விக்காரி.

பதின்மூன்றாம் தரம் தொடங்கச் சொல்ல வாயைத் திறந்தபோது கேற் திறந்தது. இடுப்புவரை நனைந்த காற்சட்டை, முகமெல்லாம் உப்பு, விரலில் கொளுவிய ஒரு பாரை மீன். பிள்ளைகளைக் கண்டு ஓரமாக ஒதுங்கிக் கிணற்றடிக்குப் போனான். போகும்போது, பசிக்குது உம்மா என்றான். மூன்று நாளும் ஸலாம் மட்டும் சொன்ன குரல் இல்லை, பழைய குரல்.

எனக்கு முன்னால் இருந்த கிதாபின் எழுத்துக்கள் கலங்கிப் போயின. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அண்டைக்குக் கேட்டீங்க தானே மகள், கப்பலுக்கு என்ன நடந்தெண்டு. அது கரைக்கு வந்துட்டு."

"அவரும் வந்தாரா?"

கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. ஓம் என்று சொல்லிவிட்டு, யூனுஸுக்குச் சோறு போட உள்ளே போனேன்.